எழுதாமல் விட்ட ஒரு வரி

தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையில் மூன்று கடன்கள் தவறாமல் வந்து சேரும். வீட்டுக் கடன் ஒன்று. பிள்ளைகளின் மேற்படிப்புக் கடன் மற்றொன்று. கார்க் கடன் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றியும் எழுதியோர் பலர். மூன்றாவதைப் பற்றி எழுதுவோரைக் காணோம். காரைப் பற்றி எழுதினால் பகட்டுக்காக எழுதுகிறான் என்று பிறர் எண்ணக்கூடும் என்னும் கூச்சம் காரணமாக இருக்கலாம். என் கார் பகட்டுக்கு உரியதன்று. பிறர் ஒருவர் ஏழாண்டுகள் ஓட்டிய பழைய வண்டி அது. அதனை வாங்கியபோது ஒரு பாடம் கற்றேன். விற்றபோது ஒரு பாடம் கற்றேன். முதற்பாடத்தைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இன்றுதான் எழுதத் துணிகிறேன்.

சுங்கைப்பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்து, 1992இல் கூலிம் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கு ஆசிரியனாகச் சென்றேன். பெரிய சாலையிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. என்னிடம் இருந்தது ஒரு சிறிய மோட்டார் சைக்கிள். மணமானபின் அதில் இருவர் ஏறினோம். மகள் பிறந்தபின் மூவர் ஏறினோம்.

1994ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து இரவொன்றில் எட்டு மாதக் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். வெளியே அடைமழை. நெகிழித்தாளால் குழந்தையைப் போர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு என் மனைவி பின்னால் அமர்ந்தாள். செம்மண் பாதையில் இரண்டுமுறை சக்கரம் வழுக்கியது. மருத்துவமனை வாயிலில் இறங்கியதும் அவள் சொன்ன சொற்கள் இன்றும் நினைவில் உள்ளன: "என்னங்க, இனிமே இந்த மோட்டார் சைக்கிள்ல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் ஏறமாட்டேன். என் சங்கிலியை அடகு வைங்க. ஒரு பழைய காடியாவது வாங்குங்க."

அந்த ஆண்டு இறுதி விடுமுறையில் கார் தேடி அலைந்தேன். பழைய கார் விற்கும் கடைகளில் வண்டிகள் யாவும் புதுமணப்பெண்போல் மினுமினுத்தன. ஏழாண்டு ஓடிய வண்டிக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று மானி காட்டியது. ஆனால் காலால் மிதிக்கும் பிரேக் கட்டையின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. மானியைத் திருப்பலாம், தேய்ந்த ரப்பரைத் திருப்ப முடியுமா? கையில் இருந்த பணமோ கொஞ்சம், அச்சமோ அதிகம்.

அந்நிலையில் ஓய்வுபெறவிருந்த மலாய் ஆசிரியர் ஒருவர் தம் காரை விற்பதாகக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். 1987இல் வாங்கிய வெள்ளை நிறப் புரோட்டோன் சாகா. நம் நாட்டின் முதல் தேசியக் காராக 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான வகை. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பிறந்து, மலேசியக் கைகளால் பூட்டப்பட்ட வண்டி. 'சாகா' என்பது மலாய் மொழியில் ஒரு மரத்தின் பெயர். அதன் சிவந்த விதையைத் தமிழர் மஞ்சாடி என்பர். முற்காலத்தில் பொற்கொல்லர் பொன்னை நிறுப்பதற்கு அவ்விதையை எடையாகக் கொண்டனர். நம்பிக்கையின் அளவுகோலாக விளங்கிய விதையின் பெயரைத் தாங்கிய வண்டி என்று அன்று வேடிக்கையாக எண்ணிக்கொண்டேன். அந்த எடை ஒருநாள் என்னையே நிறுக்கும் என்று அறிந்தேனில்லை.

பெரியவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டலானார். இடப்புறப் பின்கதவு ஒருமுறை இடிபட்டுச் சாயம் பூசப்பட்டது. காலைக் குளிரில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். பெருமழையில் பின்பெட்டிக்குள் நீர் கசியும். இவற்றுள் எதனையும் நான் கேட்கவில்லை. கேட்கும் அறிவும் அன்று எனக்கு இல்லை. வியப்போடு அவரைப் பார்த்தேன். அவர் மலாயில் சொன்னதன் பொருள் இது: "நல்லதை வண்டியே சொல்லிவிடும், தம்பி. கெட்டதை நான்தான் சொல்ல வேண்டும்."

பின்னர் முன்பெட்டியைத் திறந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். '555' என்று அட்டையில் எண் பொறித்த புத்தகம். மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே புத்தகந்தான். அதில் ஏழாண்டுக் கணக்கும் இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தொலைவு, மாற்றிய பாகம், கொடுத்த பணம் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. பதினோராயிரம் வெள்ளி என்று பேசிய விலையில், கியருக்காக ஐந்நூறு வெள்ளியை அவரே குறைத்துக்கொண்டார். அதன்பின் பேரம் பேச எனக்கு நா எழவில்லை. மனைவியின் சங்கிலியும் கூட்டுறவுச் சங்கக் கடனும் சேர்ந்து அந்தக் காரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தன.

அன்று முதல் அந்த 555 புத்தகம் என் பொறுப்பாயிற்று. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினேன். வாரந்தோறும் ஞாயிறு காலையில் ரேடியேட்டர் நீரையும் மின்கலத்து நீரையும் பார்த்தேன். செம்மண் பாதையின் குழிகள் அதிர்வுதாங்கிகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை தின்றன. இயந்திரத்தின் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்பதால், அறும்வரை காத்திராமல் முன்னதாகவே மாற்றினேன். ஒவ்வொன்றையும் பெரியவரின் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் பதிந்தேன். அவர் மலாயில் எழுதினார். நான் தமிழில் எழுதினேன். முதற் புத்தகம் நிறைந்ததும் இரண்டாவதை வாங்கி, இரண்டையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டினேன்.

அந்தக் கார் எங்களுக்கு மட்டும் உழைக்கவில்லை. திருக்குறள் மனனப் போட்டிக்கும் கதை சொல்லும் போட்டிக்கும் மாணவர்களைச் சுமந்தது. ஐவர் அமரும் வண்டியில் எழுவரை ஏற்றிய நாள்களும் உண்டு. சட்டம் அறிந்தால் என்னை மன்னிக்காது. தோட்டத்தில் பிரசவ வலி கண்ட பெண்கள் இருவரை நள்ளிரவில் மருத்துவமனை சேர்த்தது. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர்வரை சென்று, ஒரு சொட்டு நீர்கூடக் குறையாமல் திரும்பியது. பன்னிரண்டாண்டுகளில் ஒருநாளும் அது என்னை வழியில் நிறுத்தியதில்லை.

இதற்கிடையில் எங்களைச் சுற்றியிருந்த உலகம் மாறிற்று. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டபின், ரப்பர் மரத்தை நம்பியிருந்த இளைஞர்கள் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். தோட்டம் கைமாறியது. லயன் வீடுகள் காலியாயின. மக்கள் நகரோரத்து மலிவு விலை வீடுகளில் குடியேறினர். பள்ளிக்கூடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கல்வியமைச்சு வகைப்படுத்தும். 2006இல் எங்கள் பள்ளியில் எஞ்சியிருந்தோர் அறுபத்திரண்டு பேர். அவர்களுள் பெரும்பாலோர் பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தனர். வண்டி வைத்திருந்த பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். வண்டி இல்லாதோர், வீட்டுக்கு அருகிலிருந்த வேறு பள்ளிகளில் சேர்த்தனர். தமிழ்ப்பள்ளியின் ஆயுள் மொழிப்பற்றை மட்டும் பொறுத்ததன்று; ஒரு பழைய காரின் ஆயுளையும் பொறுத்தது என்பதை அக்காலத்தில் கண்கூடாகக் கண்டேன்.

அப்போது நான் துணைத் தலைமையாசிரியர். புதிய காருக்கு முன்பணம் கட்டியிருந்தேன்; சாகாவை விற்று மீதிப் பணத்தைத் திரட்ட வேண்டும். நவம்பர் மாதத்தில் ரேடியேட்டர் நீர் குறையத் தொடங்கியது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், உட்புறத்தில் பால் கலந்த தேநீர்போல் வெளுத்த பசை படிந்திருந்தது. வழக்கமான பட்டறைக்காரர் ஒரே பார்வையில் நோயைச் சொன்னார். இயந்திரத்தின் உடற்பகுதிக்கும் மேலேயுள்ள அலுமினியத் தலைப்பகுதிக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகி, நீரும் எண்ணெயும் கலக்கின்றன. தலைப்பகுதியைக் கழற்றிச் சமன்செய்து பூட்ட 950 வெள்ளி ஆகும்.

"விற்கப் போகிற காடிதானே, சிக்கு?" என்றார் அவர். "ஒரு மருந்து இருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும். இரண்டு மூன்று மாதம் ஓடும்."

ஒரு கணந்தான் யோசித்தேன். மருந்தை ஊற்றச் சொன்னேன். எண்ணெயை மாற்றி, மூடியைத் துடைத்துச் சுத்தமாக்கினார். இருபத்தைந்து வெள்ளி கொடுத்தேன். அன்றிரவு 555 புத்தகத்தை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன், எதுவும் எழுதாமல் மூடி வைத்தேன்.

கார் வாங்க வந்தவர் வேற்றாள் அல்லர். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர்; பால் வெட்டிய குடும்பத்தின் பிள்ளை; அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். அவருடைய இரு பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படித்தனர். கடைசி மகன் 2007 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேரவிருந்தான். மூவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவர முடியாது என்பதால் கார் தேடினார். "சார் காடின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். 3,800 வெள்ளி. பேரமே பேசவில்லை. பன்னிரண்டாண்டுகளுக்கு முன் நான் பெரியவரிடம் பேரம் பேசாமல் நின்றேனே, அதே நிலையில் அவர் நின்றார். விற்றவர் இடத்தில்தான் வேறொருவன் நின்றான்.

பெயர் மாற்றத்துக்குமுன் புஸ்பாக்கோம் பரிசோதனைக்குச் சென்றோம். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவோடு ஒத்திருந்தன. வண்டி தேறியது. திருட்டு வண்டியா என்பதைச் சோதனை காட்டும். விற்பவன் நெஞ்சிலுள்ளதைக் காட்டுமா? சாலைப் போக்குவரத்து இலாகாவில் கையொப்பமிட்டபின், இரண்டு 555 புத்தகங்களையும் அவரிடம் கொடுத்தேன். "கிரானைவிட இதுதான் முக்கியம்" என்று அறிவுரையும் கூறினேன். கோயில் பிரசாதத்தைப் பெறுவதுபோல் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. முதல் நாள் மூன்று பிள்ளைகளும் வந்தனர். இரண்டாம் நாள் வந்தனர். மூன்றாம் நாள் வரவில்லை. அந்த வாரம் முழுதும் வரவில்லை. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், வகுப்பாசிரியரிடம் "காய்ச்சலாக இருக்கலாம்" என்றேன். அவ்வாரம் ஐந்தாம் ஆண்டு நன்னெறிக் கல்விப் பாடத்தில் நான் நடத்த வேண்டியிருந்தது நேர்மை என்னும் தலைப்பு. வாய்மை அதிகாரத்துக் குறளொன்றைக் கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி கையில் ஒடிந்தது. சுண்ணக்கட்டி ஒடிவது புதுமையன்று. ஆயினும் அன்று வேறொன்றை எடுத்து எழுத என்னால் இயலவில்லை. மாணவர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன்.

அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே சாகா நின்றது. முன்மூடி திறந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் பதறி எழுந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

"மன்னிச்சிருங்க சார். உங்க காடிய நான் ஒழுங்காப் பாத்துக்கல. உங்க கையில பன்னெண்டு வருசம் ஒருநாளும் நிக்காத காடி. என் கையில ரெண்டு மாசத்துல நின்னுபோச்சு."

சொல்லிவிட்டு 555 புத்தகத்தை நீட்டினார். என் எழுத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார். ஆறாம் ஆண்டோடு நின்றுபோன கையெழுத்து. 'தண்ணி ஊத்துனேன்' என்று ஒரு நாள். மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும் அதே வரி. ஒரு பக்கம் முழுதும் அந்த வரி நிறைந்திருந்தது. நான் சொன்ன அறிவுரையை அவர் அப்படியே பின்பற்றியிருந்தார். தவற்றைத் தம் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்தார். அது என் பக்கத்தில் எழுதப்படாமல் கிடந்தது.

நின்றபடியே உண்மையைச் சொன்னேன். பட்டறைக்காரர் சொன்னது, மருந்து ஊற்றியது, மூடியைத் துடைத்தது, எழுதாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது. அவர் நெடுநேரம் பேசவில்லை. 950 வெள்ளியை மேசைமேல் வைத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று என் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அதையும் இங்கு ஒளிக்கலாகாது. அவர் சொல்லவில்லை. எடுத்து எண்ணினார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு புத்தகத்தையும் பேனாவையும் என் முன் வைத்தார்.

"அதை இதுல எழுதிருங்க சார்" என்றார்.

எழுதினேன். 'நவம்பர் 2006. ஹெட் கேஸ்கெட் பழுது. விற்பவருக்குத் தெரியும். வாங்குபவரிடம் சொல்லவில்லை.' எழுதிக் கையொப்பமிட்டேன். ஆசிரியர் பணியில் எத்தனையோ நற்சான்றிதழ்களில் கையொப்பமிட்டிருக்கிறேன். அவற்றுள் எதுவும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

கார் பழுது பார்க்கப்பட்டது. மூத்த பிள்ளைகள் இருவரும் திரும்பி வந்து, எங்கள் பள்ளியிலேயே ஆறாம் ஆண்டை முடித்தனர். கடைசி மகன் வரவில்லை. கார் நின்றிருந்த அந்த வாரத்திலேயே, நடந்து போகும் தூரத்திலிருந்த வேறு பள்ளியில் அவனைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவன் நண்பர்களைப் பெற்றுவிட்டான். மாற்ற மனமில்லை என்றார் தாயார். அது குற்றமுமன்று. பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு திருமண விருந்தில் அவனைச் சந்தித்தேன். நல்ல பிள்ளை, பணிவுள்ளவன். மேசையில் கிடந்த திருமண அழைப்பிதழைப் புரட்டியவன், அதிலிருந்த தமிழ்ப் பகுதியைத் தன் அக்காளிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவள் வாசித்துச் சொன்னாள். நான் கை கழுவுவதற்கு எழுந்து சென்றேன்.

இன்று நான் வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர். பயிற்றுப்பணிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் பழைய கார் வாங்குமுன் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அறிந்தவற்றைச் சொல்கிறேன். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று பாருங்கள்; சூடேறிய வண்டி தன் நோயை மறைக்கும். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். சக்கரங்கள் ஒருபக்கமாகத் தேய்ந்துள்ளனவா என்று கவனியுங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சேற்று மணம் எளிதில் போகாது. வங்கிக் கடன் தீர்ந்துவிட்டதா என்று விசாரியுங்கள். விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஐந்தாண்டு ஓட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு உண்டு. அது உரிமையாளருக்கு உரியது, வண்டியோடு உங்களுக்கு வராது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் வாங்குவோருக்கு. விற்போருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே உண்டு. அது அந்த மலாய்ப் பெரியவர் தேநீர் கொடுத்துச் சொன்னது.

2019இல் என் இரண்டாவது காரை விற்றேன். வாங்க வந்த இளைஞர் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு மகிழ்ந்து, விலைக்கு உடனே ஒப்புக்கொண்டார். அவரை நிறுத்தி, ஏர்கண்டிஷன் அமுக்கி இன்னும் ஓராண்டு தாங்காது என்பதையும் பின்சக்கர பேரிங் முனகுவதையும் சொன்னேன். 1,200 வெள்ளி குறைத்தார். வீட்டுக்குள் வந்ததும் மனைவி கேட்டாள்: "அவர் கேக்காததை எல்லாம் ஏங்க எடுத்துச் சொன்னீங்க?"

பல்லாண்டு ஆசிரியர் பணியும் நிருவாகப் பணியும் செய்தவனுக்கு, அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. முன்பெட்டியிலிருந்த 555 புத்தகத்தை எடுத்துவந்து, அன்றைய தேதியிட்டு, அந்த இரண்டு பழுதுகளையும் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பிறகு வெளியே சென்று, அதனை அந்த இளைஞர் கையில் கொடுத்தேன்.